பழுதாகும் முன்பே மாற்று: பஸ் ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்காரும் நம்ம கார் இண்டிகேட்டரும்

மாலை ஆறரை மணி. திண்டுக்கல் - மதுரை நான்குவழிச் சாலையில் சின்னாளப்பட்டி பிரிவு. ஒரு கார் வேகத்தைக் குறைக்கிறது. பின்னால் பைக்கில் வருபவருக்கு ஒரே கேள்விதான். இந்தக் கார் நேராகப் போகுமா, ஊருக்குள் திரும்புமா? பதில் சொல்ல வேண்டியது காரின் பின்பக்க மூலையில் இருக்கும் ஆரஞ்சு விளக்கு. உள்ளே இருப்பது 21 வாட்ஸ் பல்பு ஒன்று. காரிலேயே விலை குறைந்த பொருட்களில் அதுவும் ஒன்று. அது எரியவில்லை என்றால் பைக்காரர் ஊகத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டும். அந்த ஊகம் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பல்பு போன பிறகு மாற்றுவதா, போகும் முன்பே மாற்றுவதா? கேள்வி சின்னதுதான். ஆனால் இந்தக் கேள்வியின் மேல்தான் தென் தமிழகத்தில் ஒருவர் பெரிய தொழிலையே கட்டினார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தின் சொந்தக்காரர், டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் மகள் வைத்தியம் பார்க்க வந்து தங்கிய ஊர், இதே சின்னாளப்பட்டி. அவர் கதையைப் பார்த்துவிட்டு நம்ம கார் இண்டிகேட்டருக்கு வருவோம்.

மூன்று வேலைகளை விட்டவர்

1877 மார்ச் 22 அன்று, திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார் சுந்தரம். நம்பி கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. அந்தக் காலத்தில் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று வக்கீல் தொழில், இன்னொன்று சர்க்கார் உத்தியோகம். அப்பாவின் விருப்பப்படி சுந்தரமும் முதலில் வக்கீல் தொழிலுக்குத்தான் போனார். மனம் ஒட்டவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஒரு வங்கியில் சேர்ந்தார். அதையும் விட்டார்.

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்குவது என்பது, அன்றைக்கு அக்கம்பக்கத்தில் யாரும் மெச்சுகிற காரியம் இல்லை. அதுவும் மோட்டார் வியாபாரம்! மோட்டார் காரையே பலர் வேடிக்கை பார்த்த காலம். 1911-ல் தொழிலைத் தொடங்கி, அடுத்த ஆண்டு மதுரையில் பஸ் சேவைக்கு அடித்தளம் போட்டார். வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. மோட்டார் வண்டிகளுக்கு என்று இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்ததே 1914-ல்தான். அதற்கும் முன்பே அவர் பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டார்.

லாடத்து ஆணியும் நின்றுபோகாத பஸ்ஸும்

அன்றைய சாலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தார் கிடையாது. மண்ணும் சரளையும்தான். வண்டிமாடுகளின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து, அதன் ஆணிகள் வழியெல்லாம் உதிர்ந்து கிடக்கும். ஒரு ஆணி போதும், டயர் பஞ்சர். இந்த ஆணிகளைப் பொறுக்க, பஸ் போகும் பாதையில் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஐயங்கார் முன்னால் அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. மதுரைப் பக்கம் பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கதை தவறாமல் வரும்.

இன்னொன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தில் நேரம் சரிசெய்து கொள்ளலாம் என்பது அது. கொஞ்சம் மிகைப்படுத்தியதாகவே இருக்கட்டும். நேரம் தவறாத பஸ் என்று அந்தக் கம்பெனி வாங்கிய பெயர் மட்டும் நிஜம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பஸ் நேரத்துக்கு வர டிரைவர் வேகமாக ஓட்டினால் போதாது. வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. அன்று வண்டியும் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதன் பாகங்களும் கப்பலில்தான் வந்தன. ஒரு சின்ன பாகம் உடைந்து, கையில் மாற்று இல்லை என்றால், அடுத்த கப்பல் வரும் வரை பஸ் ஷெட்டில் கிடக்க வேண்டியதுதான். அப்புறம் கடிகாரமாவது, நேரமாவது!

ஆக, நேரம் தவறாமல் பஸ் ஓட்ட வேண்டும் என்றால் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். பழுது பார்க்கச் சொந்த ஒர்க்‌ஷாப், கைவசம் ஸ்பேர் பார்ட்ஸ், எந்தப் பாகம் எவ்வளவு நாள் உழைக்கும் என்ற கணக்கு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் வளர்ந்த திசையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் ஓடின. உதிரிபாக வியாபாரத்துக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வந்தது. கார் விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ் வந்தது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு நாட்டின் பெரிய விற்பனையாளராக அது இருந்தது. பஸ்ஸில் தொடங்கியவர், பஸ்ஸை ஓடவைக்கும் பாகங்களுக்குள் போய்ச் சேர்ந்தார்.

கையை நீட்டினால்தான் சிக்னல்

ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்து வண்டிகளில் இண்டிகேட்டர் என்ற சமாச்சாரமே இல்லை. டிரைவரின் வலது கைதான் இண்டிகேட்டர். வலது பக்கம் திரும்ப, கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். பகலில் சரி. ராத்திரியிலும் மழையிலும் அந்தக் கை யார் கண்ணுக்குத் தெரியும்?

கடல் தாண்டி அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி யோசித்தவர் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற ஊமைப்பட நடிகை. 1914 வாக்கில், பட்டனை அழுத்தினால் பின்பக்க மட்கார்டில் ஒரு கை எழுந்து நிற்கும்படி செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்காததால் அவருக்குக் காசும் வரவில்லை, பேரும் பெரிதாக வரவில்லை. பிறகு ஐரோப்பாவில், கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து ரயில் கைகாட்டி போல வெளியே நீளும் விளக்குகள் வந்தன. நம்ம நாட்டில் ஓடிய பழைய மோரிஸ் கார்களில் இதைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். மின்னி மின்னி எரியும் இண்டிகேட்டரை, வழக்கமான கார்களோடு சேர்த்தே விற்கத் தொடங்கியது அமெரிக்காவின் பியூக் நிறுவனம். அது 1939-ல். நம்ம ஊர் பஸ், லாரிகளுக்கு அந்த வசதி பரவலாக வந்து சேர இன்னும் பல வருஷங்கள் ஆயின.

கரி பஸ் காலம்

அதே 1939-ல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆனது. பஸ் கம்பெனிகள் பல தவித்தன.

ஐயங்கார் இதற்கு இரண்டு வழி கண்டார். முதலாவது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். வண்டியின் பின்னால் உலை போன்ற ஒரு தொட்டி. அதில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிப்பார்கள். முழுதாக எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பல் தூசு நீக்கி எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். இழுவை கொஞ்சம் குறைவுதான். மேடு ஏறும்போது திணறும். ஆனால் பஸ் ஓடியது. கரி பஸ் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, டயர் ரீட்ரெடிங் தொழிற்சாலை. தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் பட்டையைப் பதித்து மறுபடி ஓட்டும் முறை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டயர் முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் ரீட்ரெட் செய்து பலனில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கழற்ற வேண்டும். கடைசி வரை ஓட்டுகிறவருக்கு டயர் மொத்தமும் நஷ்டம். முன்கூட்டிக் கழற்றுகிறவருக்கு அதே டயர் மறுபடி உழைக்கும்.

மகள் வந்த ஊர்

ஐயங்காருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மகன்கள் தொழிலுக்கு வந்தார்கள். மகள் சௌந்தரத்தின் வாழ்க்கை வேறு திசையில் போனது. 1904-ல் பிறந்த அவருக்குச் சின்ன வயதிலேயே திருமணம் ஆனது. மருத்துவரான கணவர் கொள்ளைநோய்க்குப் பலியானார். இளம் விதவையை வீட்டின் ஒரு மூலையில் உட்காரவைப்பது அன்றைய வழக்கம். சுந்தரம் ஐயங்காரின் வீட்டில் அது நடக்கவில்லை. மகள் மேலே படித்தார். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பிறகு காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை 1940-ல், காந்தியின் ஆசியோடு மறுமணம் செய்துகொண்டார். வைதீகக் குடும்பத்தில் விதவை மறுமணம், அதுவும் சாதி கடந்த மணம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.

1947-ல் இந்தத் தம்பதி சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். டாக்டர் சௌந்தரம் சின்னாளப்பட்டியில் இரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்த சிறு மருத்துவமனைதான் வளர்ந்து காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனை ஆனது. சுங்குடியும் சின்னாளப்பட்டும் நெய்த நெசவாளர் குடும்பத்துப் பெண்கள் பிரசவத்துக்கு நம்பிப் போகிற இடம் ஒன்று வந்தது. 1952 தேர்தலில் ஆத்தூர் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துறையில் துணை அமைச்சராகவும் இருந்தார். மதுரையின் பெரிய மோட்டார் குடும்பத்தை இந்த ஊரோடு சேர்த்தது, அந்த இரண்டு படுக்கை மருத்துவமனைதான்.

ஐயங்கார் இருக்கும்போதே பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். வயது 78.

அவருக்குப் பிறகு குடும்பம் பாகங்கள் தயாரிப்பதிலேயே முழுமூச்சாக இறங்கியது. 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. இதில் லூகாஸ் டி.வி.எஸ். நம்ம விஷயத்துக்கு நெருக்கமானது. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, வண்டிக்கான மின்சாரப் பாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கிய கம்பெனி அது. கப்பலுக்குக் காத்திருந்த காலம் மெல்ல முடிந்தது. 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ் போனது. பாகங்கள் நின்றன.

சரி, இண்டிகேட்டர் எப்படி வேலை செய்கிறது?

வழி ரொம்பச் சுலபம். பேட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸ் வழியாக பிளாஷர் ரிலேவுக்கு வருகிறது. அங்கிருந்து ஸ்டியரிங் பக்கத்திலுள்ள லீவருக்கு. நீங்கள் லீவரை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கத்து முன், பின், ஓர விளக்குகளுக்கு மின்சாரம் போகிறது. அங்கிருந்து வண்டியின் பாடி வழியாக, அதாவது எர்த் வழியாக, மறுபடி பேட்டரிக்கு. வளைவு முடிந்து ஸ்டியரிங் நேராகும்போது உள்ளே இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி லீவரைத் தானாகத் தள்ளிவிடும்.

மின்னவைப்பது பிளாஷரின் வேலை. பழைய பிளாஷரில் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகி வளையும். வளைந்ததும் தொடர்பு அறும், விளக்கு அணையும். ஆறியதும் பழைய நிலைக்கு வரும், விளக்கு எரியும். இப்போது வரும் வண்டிகளில் இதை எலக்ட்ரானிக் சர்க்யூட் செய்கிறது. நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது கணக்கு.

திடீரென்று இண்டிகேட்டர் படபடவென வேகமாக மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள். அது கோளாறு இல்லை, எச்சரிக்கை. சாதாரணமாக ஒரு பக்கம் 21 வாட்ஸ் பல்பு இரண்டும், 5 வாட்ஸ் பல்பு ஒன்றும் இருக்கும். மொத்தம் 47 வாட்ஸ். 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 4 ஆம்பியர். ஒரு பெரிய பல்பு போனால் அது 2 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். மின்சாரம் குறைந்ததைப் பார்த்து பிளாஷர் வேகமாக அடிக்கிறது. பழைய தகடு பிளாஷரில் இதற்கு நேர்மாறு. தகடு போதிய அளவு சூடாகாமல், மின்னுவது மெதுவாகும் அல்லது நின்றேவிடும்.

எப்போது, எதை மாற்றுவது?

வேகமாக மின்னினால்: அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது. அன்றே மாற்றுங்கள். இரண்டு பல்புகளும் ஒரே நாளில் போட்டவை என்றால் ஜோடியாக மாற்றுவது நல்லது. ஒன்று போனால் மற்றதும் கிழடுதான்.

ஆரஞ்சு நிறம் வெளுத்தால்: சில பல்புகளின் கண்ணாடி மேலேயே ஆரஞ்சு பூச்சு இருக்கும். சூட்டில் அது உதிர்ந்து வெளிச்சம் வெள்ளையாகத் தெரியும். பகலில் யாருக்கும் தெரியாது. எரிந்தாலும் அதை மாற்ற வேண்டும்.

கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தால்: பல்பின் இழை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் எரிகிறதே என்று விடாதீர்கள்.

மங்கலாக எரிந்தால்: பல்பு நன்றாக இருந்தும் மங்கலாக இருந்தால் ஹோல்டரையும் எர்த் ஒயரையும் பாருங்கள். பச்சையாகவோ துருவாகவோ இருந்தால் சுத்தம் செய்யலாம். ஹோல்டர் உருகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இண்டிகேட்டர் போடும்போது பக்கத்திலுள்ள வேறு விளக்கும் சேர்ந்து மினுக்கினால் பெரும்பாலும் எர்த் கோளாறு.

இரண்டு பக்கமும் வேலை செய்யவில்லை என்றால்: முதலில் பியூஸ், அடுத்து பிளாஷர். நாலு விளக்கும் சேர்ந்து எரியும் ஹசார்டு மட்டும் வேலை செய்து, திரும்பும் சிக்னல் வரவில்லை என்றால் லீவர் ஸ்விட்ச்சைச் சந்தேகப்படுங்கள். புதுப் பியூஸும் உடனே போனால், எங்கோ ஒயர் உரசுகிறது. அதிக ஆம்பியர் பியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஒயர் எரிந்துவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

லென்ஸ் மஞ்சளித்தாலோ விரிசல் விட்டாலோ: தண்ணீர் உள்ளே போய் ஹோல்டரையும் கெடுக்கும். டேப் ஒட்டி ஓட்டுவது தற்காலிக ஏற்பாடுதான்.

எல்.இ.டி. போட்டால்: அது மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். பல்பு போய்விட்டது என்று பிளாஷர் ஏமாந்து படபடக்கும். எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. மாதம் ஒருமுறை, இருட்டியதும் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஹசார்டு பட்டனை அழுத்திவிட்டு, இறங்கி ஒரு சுற்று வாருங்கள். பிறகு இடது, வலது என்று தனித்தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்று நிமிஷ வேலை. நீண்ட பயணத்துக்கு முன் டேஷ்போர்டு அறையில் இரண்டு பல்பும் ஒன்றிரண்டு பியூஸும் போட்டு வையுங்கள். வழியில் பல்பு போய், கையில் மாற்றும் இல்லையென்றால், ஐயங்கார் காலத்து வலது கை இன்றும் இருக்கிறது. ஜன்னலை இறக்கி நீட்டுங்கள்.

பஸ் நடுவழியில் நின்றபின் ஓடிப்போய்ப் பழுது பார்ப்பதில் ஐயங்காருக்கு நேரம் தவறாத பேர் கிடைத்திருக்காது. ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்ததால் கிடைத்தது. சின்னாளப்பட்டி பிரிவில் உங்களுக்குப் பின்னால் வரும் பைக்காரரை உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. அவர் நம்பி வருவது உங்கள் வண்டியின் அந்த ஆரஞ்சு வெளிச்சத்தை மட்டும்தான்.